சுற்றுக்கு ஐந்து மீட்டர்

எங்கள் பள்ளி வாங்கிய கோப்பைகளின் பட்டியல் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பலகையில் எழுதியிருக்கிறது. வேண்டியவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது ஓர் அளவு டேப்பைப் பற்றி.

முதலியார்பேட்டைப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் பதினெட்டு வருடம் மார்க்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மார்க்கர் என்றால் விளையாட்டு மைதானத்தில் கோடு போடுகிறவர். புல் செதுக்குவது, மணல் கொத்துவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அவர் வேலைதான். ஆனால் கோடுதான் முக்கியம். இந்த வருடம் அந்த மைதானத்தில் ரப்பர் ஓடுதளம் போட்டுவிட்டார்கள். கோடுகள் அதிலேயே நிரந்தரமாக வரைந்திருக்கின்றன. எனக்குப் பிறகு வேலைக்கு வந்திருக்கும் முருகன் என்னைப் பார்க்க வந்தபோது, "கோடு போடுறதுல அப்படி இன்னாண்ணே வேல இருந்துச்சு? சுண்ணாம்பு கொட்டினு போனாப் போச்சு" என்றார். ரப்பர் தளம் வந்தது நல்லதுதான். சுண்ணாம்பு விரல் இடுக்கைத் தின்பது இனி அவருக்கு இல்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நான் எட்டாம் வகுப்புப் பாதியில் படிப்பை விட்டவன். அப்பா வேலை பார்த்த மில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்த காலம். மரக்காணம் உப்பளத்தில் ஒரு வருடம் இருந்தேன். லாரி கிளீனராக நாக்பூர் வரைக்கும் மூன்று வருடம் போய்வந்தேன். குருசுக்குப்பத்தில் ஒரு பருவம் வலை இழுத்தேன். அப்புறம் ஒரு சர்க்கஸில் கூடாரம் அடிக்கிற ஆளாகச் சேர்ந்து, ஆறு வருடம் ஊர் ஊராகப் போனேன். ஒரு காற்றில் கூடாரம் சாய்ந்து இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போனது. கயிறு பிடிக்க மற்ற மூன்று விரல் போதும். அதற்குப் பிறகும் கிடைத்த வேலையெல்லாம் பார்த்தேன். எந்த வேலையிலும் ஏதாவது தப்பு நடந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்படியே நாற்பது வயதைத் தாண்டிவிட்டது.

பள்ளிக்கு முதலில் வந்தது ஆண்டு விழாவுக்கு ஷாமியானா கட்டத்தான். அன்று மைதானத்தில் யாரோ போட்டிருந்த ஓடுதளத்தைப் பார்த்தேன். இரண்டு பக்க வளைவும் கோணல். பக்கத்தில் நின்ற பி.டி. டீச்சரிடம், "இது வட்டமில்ல டீச்சர், முட்ட" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையில் இருந்த கயிற்றை என்னிடம் கொடுத்து, "நீ போடு" என்றார். சர்க்கஸ் வளையம் எந்த ஊரிலும் நாற்பத்திரண்டு அடிதான் இருக்கவேண்டும். ஒரு சாண் தப்பினாலும் குதிரைக்குத் தெரிந்துவிடும். ஆறு வருடம் அதைப் போட்டவனுக்கு இது பெரிய காரியமில்லை. ஒரு மணி நேரத்தில் கீறிக் காட்டினேன். அடுத்த மாதமே தினக்கூலிக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த டீச்சர் பெயர் லூசியா. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அதனாலோ என்னவோ, டீச்சர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. விசிலை ஒரு தடவைதான் ஊதுவார். இரண்டாம் தடவை ஊத வைத்தவர்கள் மைதானத்தை இரண்டு சுற்று ஓடவேண்டும். பயிற்சியில் ஓட்டத்தைத் தொடங்கிவைக்க "ஆன், தே, த்ருவா" என்று பிரெஞ்சில் எண்ணுவார். எங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் அந்த மூன்று எண் மட்டும்தான் தெரியும். த்ருவா என்றால் மூன்று என்பதுகூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. ஓடு என்று அர்த்தம் என்று நினைத்தார்கள். கோபம் வந்தால் டீச்சர் விசில் கயிற்றை விரலில் சுற்றுவார். எத்தனை சுற்று சுற்றுகிறார் என்பதை வைத்துக் கோபத்தை அளந்துகொள்ளலாம்.

மண் தரையில் இருநூறு மீட்டர் ஓடுதளம் போடுவது இப்படி. ஐம்பது மீட்டரில் ஒரு நேர்க்கோடு, அதற்கு இணையாக எதிர்ப்பக்கம் இன்னொன்று. நான்கு முனையிலும் முளை அடித்து, மூலைக்கு மூலை அளந்து பார்க்கவேண்டும். இரண்டு அளவும் சமமாக வந்தால் கட்டம் கோணவில்லை என்று பொருள். பிறகு இரண்டு தலைப்பிலும் நடுவில் ஆணி அடித்து, பதினைந்து மீட்டர் அறுபத்திரண்டு சென்டிக்குக் கம்பி பிடித்து அரைவட்டம் கீறவேண்டும். ஓடுகிறவர்கள் கோட்டின் மேலேயே ஓடமாட்டார்கள், முப்பது சென்டி தள்ளித்தான் ஓடுவார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சுற்று இருநூறு வரும். கீறிய கோட்டின் மேல் சுண்ணாம்புத்தூள் போடவேண்டும். தரை ஈரமாக இருந்தால் தூள் நிற்காது, கரைத்து ஊற்றவேண்டும். மழைக்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்கவேண்டும். முளையை நிரந்தரமாக விட்டால் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள் என்று அப்போது பிடுங்கிவிடுவோம்.

எங்களிடம் இருந்தது முப்பது மீட்டர் துணி டேப். நான் சேர்ந்த முதல் வருடக் கடைசியில், மழையில் நனைந்த அதை வெயிலில் காயப் போட்டிருந்தேன். மைதானத்தில் மேய்ந்த ஓர் ஆடு நுனியை வாயில் போட்டுக்கொண்டது. நான் ஓடிப்போய்ப் பிடுங்குவதற்குள் அரை மீட்டர் காலி. டேப் இப்போது பூஜ்யத்தில் தொடங்காமல் ஐம்பதாம் சென்டியில் தொடங்கியது. புது டேப் கேட்டு எழுதிப்போட்டோம். அது வரும்வரை எந்த அளவுக்கும் அரை கூட்டிப் பிடிப்பேன். பத்து வேண்டுமென்றால் பத்தரையில் முளை. ஐம்பது மீட்டருக்கு இருபத்தைந்தரையாக இரண்டு தடவை. நான்கு வருடம் இப்படிப் போட்டேன். கடைசியில் நினைக்கவே வேண்டியதில்லை, கை தானாகப் போய் அரையில் நின்றது. ஐந்தாம் வருடம் முடியும்போது புது டேப் வந்தது. பச்சை உறை, நுனியில் பித்தளை வளையம். பழையதைப் பரண்மேல் எறிந்தோம்.

எங்கள் பள்ளி பெயர் வாங்கத் தொடங்கியதும் அதற்கப்புறம்தான். மில்லில் வேலை போனவர்களின் பிள்ளைகள், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் விவசாயிகளின் பிள்ளைகள். பாதிப் பேருக்கு ஷூ கிடையாது. பள்ளி ஸ்டோரில் இருந்த ஆறு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். சின்னக் காலுக்கு முன்னால் பஞ்சு வைத்துக் கொடுப்பேன். எங்கள் மைதானத்தில் அவர்கள் ஓடும் நேரத்தைப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. டீச்சர் நிறுத்துக்கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஆனால் வெளியே போட்டிக்குப் போனால் அதே பிள்ளைகள் முன்னால் வந்து நிற்பார்கள். இரண்டு வருடத்தில் நானூறு மீட்டரிலும் எண்ணூறிலும் தொடர் ஓட்டத்திலும் எங்களைத் தாண்ட நகரத்தில் ஆளில்லை.

நகரின் வடக்கில் உள்ள ஒரு பள்ளியின் பி.டி. ஆசிரியர் கோவிந்தராசு சார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவர் பள்ளிதான் எங்களுக்குப் போட்டி. "உங்க பசங்க சொந்த ஊட்டுல தூங்குவாங்க டீச்சர், அடுத்தவன் ஊட்டுல வந்துதான் முழிச்சிக்குவாங்க" என்பார். லூசியா டீச்சர், "போட்டின்னா அவங்களுக்கு மனசு வந்துடும் சார். மனசு" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். அந்தப் பேச்சைக் கேட்கும்போது எனக்கும் பெருமையாக இருக்கும்.

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. பெரிய விளையாட்டரங்கில் முழங்கால் அளவு தண்ணீர். இந்திய அளவிலான பள்ளிப் போட்டிக்குப் புதுச்சேரி அணியை எடுக்கும் தேர்வை அங்கே நடத்த முடியவில்லை. அதனால் அவரவர் பள்ளி மைதானத்திலேயே ஓடவைத்து, வேறு பள்ளி ஆசிரியர்கள் இருவர் நேரம் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும் என்று உத்தரவு வந்தது. பெண்கள் நானூறு மீட்டரை அறுபத்திரண்டு விநாடிக்குள் ஓடவேண்டும். பட்டியல் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் போய்ச் சேரவேண்டும். எங்கள் மண் மேட்டு மண், சீக்கிரம் வடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஓடுதளம் போட்டேன். புதன்கிழமை காலை ஓட்டம்.

எங்கள் நம்பிக்கையெல்லாம் சரண்யா மேல். பன்னிரண்டாம் வகுப்பு. அப்பா மில் மூடியபின் லோடு ஏற்றப் போனவர், அக்கா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை. சரண்யாவும் பரீட்சை முடிந்ததும் அதே கம்பெனிக்குப் போவது என்று வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு மனுப் போடலாம். வீட்டில் அதற்கு மட்டும் சம்மதித்திருந்தார்கள். பள்ளிப் போட்டிக்கு அவளுக்கு அதுதான் கடைசி வருடம். இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

புதன்கிழமை நேரம் எடுக்க வந்தவர் கோவிந்தராசு சார், கூட இன்னொரு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர். சரண்யா ஓடினாள். அவள் ஓடியதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. கடைசி வளைவில் யாரும் பக்கத்திலேயே இல்லை. கோவிந்தராசு சார் கடிகாரத்தைப் பார்த்தார், அந்த டீச்சருடையதையும் பார்த்தார்.

"அறுபத்திரண்டு புள்ளி ஒன்பது. எழுதிக்குங்க" என்றார். பிறகு குரலை இறக்கி, "நல்ல பொண்ணு. சொந்த ஊட்டுலயே ஓடச் சொன்னதுதான் தப்பாப் போச்சு" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

சரண்யா அழவில்லை. உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, மண்ணைத் தட்டி, இரண்டு லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஸ்டோருக்கு வந்து என் கையில் கொடுத்தாள். "ஆறாம் நம்பர்ணே. சரியா இருக்குதா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை மதியம் கபடிப் பாய்கள் வந்து இறங்கின. பெண்கள் கபடிக்குப் பன்னிரண்டுக்கு எட்டு மீட்டர் களம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் ரப்பர் பாயாகத் தொண்ணூற்றாறு பாய் கோத்து விரிக்கவேண்டும். பிரார்த்தனைக் கூடத்தின் சிமெண்ட் தரையில் நான் காலையிலேயே அளந்து சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டிருந்தேன். பாய் கொண்டுவந்தவர்கள் ஒரு மூலையிலிருந்து கோத்துக்கொண்டே போனார்கள். கடைசிப் பாயைப் போட்டபோது இரண்டு பக்கம் கோட்டுக்கும் பாய்க்கும் நடுவே அரை மீட்டர் வெறும் தரை தெரிந்தது.

தலைமையாசிரியர் வந்து பார்த்து, "பாயைக் குறைச்சுக் குடுத்துட்டானுங்க. திருப்பி அனுப்புங்க" என்றார்.

"சார், தொண்ணூத்தாறு இருக்குது, நீங்களே எண்ணிப் பாருங்க" என்றார் பாய் கொண்டுவந்தவர்.

"எண்ணிக்கை சரிதான்யா. ஒவ்வொண்ணும் சின்னதா இருக்கும். ஏழுமலை, ஒரு பாயை அளந்து காட்டு."

நான் குனிந்து பித்தளை வளையத்தைப் பாயின் ஒரு விளிம்பில் வைத்து டேப்பை இழுத்தேன். மறு விளிம்பில் சரியாக ஒன்று என்று இருந்தது. என் கட்டைவிரல் அங்கே இல்லை. அது ஒன்றரையில் போய் நின்றிருந்தது.

அப்படியே குந்தி இருந்தேன். ஆடு தின்ற அந்த அரை மீட்டரை, ஆடு தின்னாத டேப்பிலும் நான் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். மூலைக்கு மூலை அளந்து சரிபார்த்தபோது ஏன் தெரியவில்லை என்றால், எல்லாப் பக்கமும் கூடியிருந்தது, கட்டம் கோணவில்லை, பெரிதாகியிருந்தது. மற்ற ஆடுகளங்களுக்கு நிலையான கம்பம் உண்டு, டேப் வேண்டாம். டேப்பை நம்பி இருந்தது ஓடுதளம் மட்டும்.

"பாய் சரியா இருக்குது சார்" என்றேன். "கோடுதான் தப்பு."

அங்கிருந்து டீச்சர் அறைக்குப் போக மைதானத்தைக் கடக்கவேண்டும். வெளிக்கதவும் அதே வழியில்தான். பஸ் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். பழைய நாளாக இருந்தால் போயிருப்பேன். அன்று போகாததற்குக் காரணம் ஸ்டோர் ஆணியில் தொங்கிய அந்த ஆறாம் நம்பர் ஷூதான். வேறு உயர்ந்த எண்ணம் எதுவும் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

டீச்சர் முழுக்கக் கேட்டார். விசில் கயிறு விரலில் ஏறிக்கொண்டே போனது. நான்கு, ஐந்து, ஆறு சுற்று.

"எத்தன வருஷமா?"

"ரெண்டு வருஷம் டீச்சர். புது டேப் வந்ததுலேருந்து."

பச்சை மைப் பேனாவை எடுத்து ஒரு விடைத்தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். நேர்க்கோட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர். வளைவுகள் இரண்டிலும் சேர்த்து மூன்றுக்குக் கொஞ்சம் மேலே. ஆகச் சுற்றுக்கு ஐந்து மீட்டர். நானூறுக்குப் பத்து. பேனாவை மூடிவைத்தார். கயிறு விரலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கழன்றது.

"அப்ப அந்தப் பொண்ணு நானூத்திப் பத்து மீட்டரை அறுபத்திரண்டு தொண்ணூறுல ஓடியிருக்கா."

"ஆமாம் டீச்சர்."

"நான் ரெண்டு வருஷமா மனசு மனசுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன்."

"மனசில்ல டீச்சர். பத்து மீட்டர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அந்தப் பத்து மீட்டரையும் அவங்கதானய்யா ஓடினாங்க" என்றார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மணி ரெண்டரை. ஆறு மணிக்குள்ள புதுசாப் போட்டு முடிக்கணும். நாளைக்குக் காலைல மறுபடி ஓட்டம்."

தலைமையாசிரியர் தயங்கினார். கெட்டவர் இல்லை, பள்ளிப் பெயருக்குப் பயந்தவர். "மழையில கோடு கலைஞ்சு போச்சுன்னு எழுதிடலாமே. தப்பு நம்ம மேல இல்லாம இருக்கும்" என்றார்.

"புதன்கிழமை மழையே இல்ல சார். கோவிந்தராசு குடை இல்லாமதான் வந்தாரு" என்றார் டீச்சர். என் பக்கம் திரும்பி, "நீயே எழுது. உன் கையாலயே எழுது" என்றார்.

எழுதினேன். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து. 'பழைய டேப்பின் நுனி அரை மீட்டர் இல்லாததால் அரை கூட்டிப் பிடித்து வந்தேன். புது டேப் வந்த பிறகும் பழக்கத்தில் அப்படியே பிடித்துவிட்டேன். அதனால் ஓடுதளம் சுற்றுக்கு ஐந்து மீட்டர் நீளமாகிவிட்டது. தவறு என்னுடையது. ஓடியவர்களுடையது அல்ல.' கீழே பெயர், மார்க்கர், தினக்கூலி. தலைமையாசிரியர் படித்துவிட்டு ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் முத்திரை போட்டார். புதன்கிழமை ஓடிய எல்லாரையும் மறுபடி ஓடவைக்கவேண்டும் என்று அதற்குக் கீழே டீச்சர் எழுதினார்.

ஆனால் சரண்யா வியாழக்கிழமை பள்ளிக்கு வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சாம்பல் கையோடு எழுந்து நின்றாள்.

"எனக்காக ட்ராக்கைச் சின்னது பண்றீங்களாண்ணே?"

"இல்லம்மா. பெருசாப் போட்டுட்டேன். இப்ப சரி பண்றோம்."

"எல்லாரும் இன்னா சொல்லுவாங்க? அவ ஓட முடியாம கோட்டை உள்ள இழுத்துக்கினாங்கன்னு சொல்லுவாங்க. வேணாம்ணே. நான் கம்பெனிக்கே போறேன்."

"டேப்பைக் கொண்டுவந்திருக்கேன். நீயே அளந்து பாரு."

"உங்க டேப்பை நான் எதுக்கு அளக்கணும்? உங்க டேப்புதான் இந்த வேல செஞ்சிருக்குது."

அவள் குனிந்து இன்னொரு பாத்திரத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் தேய்த்தாள். பிறகு தலையைத் தூக்காமலேயே, "கோவிந்தராசு சார் அளக்கட்டும். அவரு டேப்புல. அவரு சரின்னு சொன்னா ஓடறேன். டீச்சர் சொன்னாக்கூட ஓடமாட்டேன்" என்றாள்.

திரும்பி வந்து சொன்னபோது டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது எனக்குத் தோணலியே" என்றார். உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு என் கடிதத்தோடு கோவிந்தராசு சாரைப் பார்க்கப் போனார். அவர் என்ன சொன்னார் என்று அன்று எனக்குத் தெரியாது. நான் மைதானத்தில் இருந்தேன். டேப்பின் மறு நுனியைப் பிடிக்கக் கபடிப் பெண்கள் வந்தார்கள். ஒவ்வொரு முளைக்கும் "வளையம் பூஜ்யத்துல இருக்குதா?" என்று கேட்பேன். "இருக்குதுண்ணே, ஆடு இல்ல" என்று கத்துவார்கள். அதற்குள் பள்ளி முழுக்க ஆட்டுக் கதை பரவியிருந்தது. புதுக் கோடு பழைய கோட்டுக்கு உள்ளே வந்தது. நேரம் இல்லாததால் பழையதை அழிக்கவில்லை. தொடங்குமிடத்தில் மட்டும் துடைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்குக் கோவிந்தராசு சார் வந்தார், கூடவே புதன்கிழமை நேரம் எடுத்த அந்த டீச்சரும். சார் கையில் எஃகு டேப். நேராகக் கோட்டுக்குப் போய் உட்கார்ந்து அளக்கத் தொடங்கினார். நேர்க்கோடுகளை இரண்டு தடவை அளந்தார். வளைவில் கம்பியை வாங்கி அதையும் அளந்தார். பிறகு நடுப்புள்ளியில் தானே நின்றுகொண்டு, என்னைக் கம்பியோடு கோட்டின்மேல் நடக்கச் சொன்னார். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சரண்யா ஷூ போடாமல் தனியாக நின்றிருந்தாள். ஷூ என் தோளில் தொங்கியது. வானம் மூடிக்கொண்டு வந்தது.

அப்புறம் அவர் பழைய கோட்டுக்குப் போனார். அதையும் அளந்தார். எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உள் கோடு இருநூறு. ரெண்டு சென்டி கூட. அது உங்களுக்கு இனாம். வெளிக் கோடு இருநூத்தி அஞ்சு." பிறகு சரண்யாவைப் பார்த்து, "ஏம்மா, என்ன வரச்சொன்னது நீதானே? அளந்துட்டேன். அங்க இன்னா வேடிக்க, ஷூவப் போடு" என்றார்.

என் தோளிலிருந்த ஷூவை வாங்கிப் போட்டு, லேஸ் கட்ட உட்கார்ந்தாள். நான் குனிந்தேன். "நானே கட்டிக்கிறேன்ணே" என்றாள்.

லூசியா டீச்சர் தொடக்கக் கோட்டுக்கே வரவில்லை. தான் ஏதோ செய்து ஓடவைத்ததாக யாரும் சொல்லிவிடக்கூடாது என்று தூரத்தில் மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஓட்டத்தை ஆரம்பித்துவைத்ததும் கோவிந்தராசு சார்தான். அவர் தமிழில் சொல்லி விசில் ஊத, முதல் அடி எல்லாருக்கும் கொஞ்சம் தடுமாறியது. 'த்ருவா' கேட்டுப் பழகிய கால்கள்.

முதல் சுற்றில் அவள் எப்போதும் ஓடுவதுபோலத்தான் ஓடினாள். இரண்டாம் சுற்றில் எதிர்ப்பக்க நேர்க்கோட்டில் தூறல் விழ ஆரம்பித்தது. சுண்ணாம்பு கரைந்துவிடுமோ என்று நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வளைவைத் தாண்டி அவள் வந்தபோதுதான் தலை நிமிர்ந்தேன். புதன்கிழமை கடைசியில் மூச்சு வாங்கிய இடத்தில் இன்று மூச்சு வாங்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டினாள். இரண்டு கடிகாரமும் நின்றன.

அவள் நிற்கவில்லை. அதே வேகத்தில் வளைவுக்குள் போய்விட்டாள். கபடிப் பெண்கள், "ஏய், முடிஞ்சிடுச்சு! நில்லுடி!" என்று கத்தினார்கள். பாதி வளைவு போனபிறகுதான் திரும்பிப் பார்த்தாள். நடந்து வந்தாள். மழையில் முகம் நனைந்திருந்தது.

"அதுக்குள்ளயா சார்?" என்றாள்.

கோவிந்தராசு சார் இரண்டு கடிகாரத்தையும் நீட்டிக் காட்டினார். ஒன்று அறுபத்தொன்று புள்ளி இரண்டு, இன்னொன்று புள்ளி நான்கு. "ரெண்டு கடிகாரம்னா அதிகமா இருக்கிறதைத்தான் எழுதணும். அறுபத்தொன்று நாலு" என்று சொல்லி, தானே எழுதி, தானே முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகு மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டீச்சர்! திரும்பலாம்! உங்க பொண்ணு இன்னிக்குத்தான் சொந்த ஊட்டுல முழிச்சிக்கினா!"

பட்டியல் பதினொரு மணிக்கே போய்ச் சேர்ந்தது. சரண்யா அந்த இந்தியப் போட்டியில் இறுதி ஓட்டம் வரைக்கும் போய் ஐந்தாவதாக வந்தாள். எங்கள் பள்ளியிலிருந்து அந்த அளவுக்குப் போன முதல் ஆள். கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது காவல்துறையில் இருக்கிறாள். புதுச்சேரியில் எங்காவது என்னைப் பார்த்தால் பைக்கை நிறுத்தி, எல்லார் முன்னாலும் ஆட்டைப் பற்றி விசாரிப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளிக் கோட்டை அழிக்கப் போனேன். இரண்டு தடம் இருந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலின் நகலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க போற?" என்றார். சொன்னேன்.

"அதை அழிக்காத. போட்டிக்கு உள் கோடு, பயிற்சிக்கு அது. நாளைக்கு அதுக்கு நீலம் போடு."

"தப்பான கோடு டீச்சர்."

"அளந்து போட்டா தப்பில்ல. நாலு மூலையிலயும் தரை மட்டத்துக்குச் சிமெண்டுல முளை வை."

வைத்தேன். அடுத்த பதினோரு வருடம், நான் வெளியே வரும்வரை, வெள்ளைக்கு வெளியே நீலம், சுற்றுக்குச் சரியாக ஐந்து மீட்டர் கூடுதலாகப் போட்டேன். பலகையில் இருக்கும் பெயர்களில் பாதிக்கு மேல் அந்த நீலத்தில் ஓடிப் பழகியவை. முதல் நீலக் கோடு போட்டு ஒரு மாதம் கழித்துக் கோவிந்தராசு சார் ஒரு சனிக்கிழமை ஆளில்லாத நேரமாகப் பார்த்து எஃகு டேப்போடு வந்தார். நீலக் கோட்டின் பக்கத்தில் குந்தி, "ஏழுமல, எங்க ஸ்கூல்லயும் ஒண்ணு போடலாம்னு பாக்கறேன். கொஞ்சம் இந்த நுனியப் பிடி" என்றார். பிடித்துக்கொண்டேன்.